செயினுக்குள் புகும் கடல்

லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். விடியற்காலையில் கரையில் இறாலும் நண்டும் எடுத்து, பின்சீட்டில் இரண்டு ஐஸ் பெட்டிகளை ரப்பர் கயிற்றால் இழுத்துக் கட்டி, பொன்னேரிக்கு வண்டியில் கொண்டுபோய்ப் போடுகிறவர். “பழவேற்காடு பாலம் ஏறும்போது, இரண்டாவது கியரில், வண்டி ‘கடக்’கென்று உதைக்கிறது. ஒரு கணம் இழுவை போய்விடுகிறது. அப்புறம் தானாகவே பிடித்துக்கொள்கிறது. கிளட்ச் பிளேட் மாற்றியாயிற்று, காசு போனதுதான் மிச்சம். இப்போது கியர் பாக்ஸைப் பிரிக்கணும் என்கிறார்கள். பிரிக்கலாமா?”

வேண்டாம். முதலில் செயினைப் பாருங்கள்.

இன்ஜினின் இழுவை பின்சக்கரத்துக்குப் போய்ச் சேராமல் நடுவழியில் நின்றுபோக மூன்று இடங்கள் உண்டு: கிளட்ச், கியர், செயின். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடையாளம் இருக்கிறது. கிளட்ச் வழுக்கினால் உதையே இராது. டாப் கியரில், பாரத்தோடு ஆக்சிலேட்டரைத் திருகினால் இன்ஜின் மட்டும் இரையும், வண்டி வேகமெடுக்காது. கியர் நழுவினால் நியூட்ரலில் போய் விழும். பெரும்பாலும் காலால் மறுபடி மிதித்தால்தான் பிடிக்கும். செயின் பல் தாண்டுவது வேறு மாதிரி. சின்ன கியரில், மேட்டில், இழுவை அதிகமாக இருக்கும் நேரத்தில் அது நடக்கும். ஃபுட்ரெஸ்டில் வைத்த உள்ளங்காலில் அந்த உதை தெரியும். அடுத்த பல்லில் செயின் உட்கார்ந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் வண்டி ஓடும். நண்பர் எழுதியிருப்பது வரிக்கு வரி இதுதான். கியர் இல்லாத டி.வி.எஸ். எக்ஸ்.எல். ஓட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும். 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்த நாளிலிருந்து அந்தக் குடும்பத்து வண்டிகள் தமிழகத்தில் சுமக்காத சரக்கு இல்லை. அவற்றிலும் பின்சக்கரத்தை இழுப்பது செயின்தான்.

கிளட்சும் கியரும் ஆயிலில் குளித்தபடி மூடிய பெட்டிக்குள் பத்திரமாக இருக்கின்றன. அதே சக்தியைச் சுமக்கும் செயின் மட்டும் மண்ணிலும் மழையிலும் வெளியே ஓடுகிறது. இன்று நாம் பார்க்கும் இந்த வடிவத்துக்கு 1880-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் காப்புரிமை பெற்றவர் ஹான்ஸ் ரெனால்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர். அதற்கு முன் இருந்த செயின்களில் மெல்லிய பட்டை, பின்மேல் நேராக உராய்ந்து சீக்கிரமே தேய்ந்துபோகும். ரெனால்ட் பின்னைச் சுற்றி ஒரு புஷ்ஷையும், அதற்கு மேல் சுழலும் உருளையையும் வைத்தார். உராயும் பரப்பு பெருகியது, தேய்மானம் குறைந்தது. 1903-இல் ரைட் சகோதரர்களின் விமானத்தில் இரண்டு விசிறிகளையும் சுழற்றியது செயின்தான். விசிறிகள் எதிரெதிர்த் திசையில் சுழல வேண்டும் என்பதற்காக ஒரு செயினை எட்டு வடிவத்தில் குறுக்காக மாட்டினார்கள். அந்தச் செயினைச் செய்த டயமண்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கூட்டுறவில்தான் பின்னாளில் நம் அம்பத்தூரிலும் செயின் தொழிற்சாலை வந்தது. கோவையின் எல்.ஜி.பி. நிறுவனமோ 1937-இல் போக்குவரத்துத் தொழிலில் தொடங்கி, ‘ரோலான்’ செயினுக்குப் பெயர்போனதாக வளர்ந்தது. நாட்டுக்கே செயின் செய்துதரும் மாநிலத்தில் இருந்துகொண்டு அதைக் கவனிக்காமல் விடுகிறோம் என்பது எனக்குப் பெரிய குறை.

“செயின் நீண்டுபோச்சு” என்று மெக்கானிக் சொல்வார். பட்டைகள் ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் பின்னும் புஷ்ஷும் உராய்ந்து கொஞ்சம் தேய்கின்றன, இடைவெளி கூடுகிறது. அந்த இடைவெளிகள் எல்லாம் சேர்ந்துதான் நீளம். சாதாரண பைக் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடைத்தூரம் 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம். நூறு மூட்டு உள்ள செயின் என்றால் 1,270 மி.மீ. மூட்டுக்குக் கால் மில்லிமீட்டர் தேய்ந்தாலும் மொத்தத்தில் 25 மி.மீ. கூடிவிடும். அது இரண்டு விழுக்காடு. அந்த அளவுக்கு வந்த செயின் ஸ்பிராக்கெட் என்ற பற்சக்கரத்தின் பள்ளத்தில் அடங்கி உட்காராது, பல்லின் நுனியை நோக்கி ஏறும். பற்களும் ஒருபக்கமாகத் தேய்ந்து, கூராகிச் சாய்ந்துவிடும். பாலத்தில் ஆக்சிலேட்டரைத் திருகும்போது நுனியில் நிற்கும் செயினுக்குப் பிடிமானம் எங்கே இருக்கும்? தாண்டத்தான் செய்யும்.

மற்ற ஊர்களில் இந்தத் தேய்மானத்துக்கு நீண்ட காலம் ஆகும். பழவேற்காட்டில் அது வேகமாக நடப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகப் பிடித்த பகுதியும் அதுதான்.

மழைக்காலத்தில் எங்கள் அம்மா கல் உப்பு ஜாடியைத் திறந்தால் அடியில் தண்ணீர் கோத்திருக்கும். யாரும் ஊற்றிய தண்ணீர் இல்லை, காற்றிலிருந்து உப்பே இழுத்துக்கொண்டது. சுத்தமான சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் அப்படிக் கசியும். ஆனால் கடல்நீர் காய்ந்து மிஞ்சும் உப்பில் சமையல் உப்பு மட்டும் இல்லை. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மெக்னீசியம் குளோரைடு. உப்பளத்துக்காரர்கள் கடைசியில் வடித்துவிடும் கசப்பு நீரில் இருப்பது அதுதான். காற்றில் ஈரப்பதம் 33 விழுக்காடு இருந்தாலே போதும், அது தண்ணீரை இழுக்கத் தொடங்கிவிடும். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் குப்பங்களில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அரிது. அப்படியானால் கடல் உப்பு பட்ட செயின், வெயிலில் நின்றாலும் உள்ளே காய்வதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஓர் உப்புநீர்ப் படலம் இரவு பகலாகப் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே நின்று இரும்பைத் தின்றுகொண்டே இருக்கிறது. வண்டி ஓடவே வேண்டாம், நிறுத்தி வைத்தாலும் தேயும்.

பழவேற்காடு ஏரியின் உப்பும் ஒரே நிலையில் இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கும்போது உப்பு குறையும். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்து, தண்ணீர் வற்றும்போது கடலைவிடவும் உப்பு கடுமையாகும் இடங்கள் உண்டு. அந்தத் தண்ணீர் இறாலோடு பெட்டியில் ஏறி, ஐஸ் உருகிய நீரோடு கலந்து, பெட்டியின் மூலை வழியே சொட்டுச் சொட்டாகக் கீழே விழுகிறது. பெட்டி கட்டிய வண்டியின் பின்னால் குனிந்து பாருங்கள். சொட்டு விழும் இடம் பல சமயம் செயினுக்கு நேர் மேலேதான்.

காலையில் வண்டி எடுக்கும் முன் செயினின் ஒரு மூட்டைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். வெளியே ஆயில் கறுப்பாக மினுக்கும். இரண்டு பட்டைகளும் சேரும் இடுக்கில் மட்டும் செங்காவி நிறத்தில் ஒரு கோடு கசிந்திருக்கும். விரலால் தடவினால் மாவு போல நைந்த தூள் ஒட்டும். அது உள்ளே பிறந்த துரு. நகைக்கும் கண்ணாடிக்கும் மெருகேற்றப் பயன்படுத்தும் செந்தூளும் இதே இரும்பு ஆக்சைடுதான். வண்டி ஓடும்போது அது பின்னை அரைத்துக்கொண்டே போகும். வெளியே கிரீஸை அப்புவதால் இந்தத் தூளுக்கு ஒன்றும் ஆகாது. கிரீஸ் உள்ளே இறங்காது, கரை மணலைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயிலை ஊற்றும் வழக்கத்தையும் விட வேண்டும். அதில் ஏற்கெனவே இரும்புத் தூள் மிதக்கிறது.

அவுட்போர்டு மோட்டார் வைத்திருப்பவர்கள் கரைக்கு வந்ததும் அதை நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவுவார்கள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மோட்டாருக்கு அரசு மானியமும் உண்டு. பிடித்த மீனைச் சந்தைக்குக் கொண்டுசேர்க்கும் வண்டியும் தொழில் கருவிதானே? அதற்கு அந்தக் கவனிப்பு ஏன் இல்லை? குடிநீரைக் குடத்தில் பிடித்து வைக்கும் ஊரில் வண்டியைக் குளிப்பாட்டச் சொல்லவில்லை. சரக்கு இறக்கிவிட்டு வந்ததும், இன்ஜினை அணைத்துவிட்டு, செயின்மேல் மட்டும் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றினால் போதும். ஏரித் தண்ணீர் கூடாது. பழந்துணியால் துடைத்து, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றியபடி 90 நம்பர் கியர் ஆயிலைக் கீழ்ப்பக்கச் செயினின் உள்பக்கமாகச் சொட்டுவிட வேண்டும். சக்கரம் சுழலும்போது ஆயில் வெளிப்பக்கம் நோக்கித் தள்ளப்படும், போகிற வழியில் மூட்டுக்குள் இறங்கும். இன்ஜினை ஓடவிட்டுக் கியர் போட்டுக்கொண்டு செயினைத் துடைப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறும். துணியோடு விரலும் ஸ்பிராக்கெட்டுக்குள் போய்விடும்.

செயினை டைட் பண்ணும்போதும் ஒன்றை மறக்கக் கூடாது. முன் ஸ்பிராக்கெட், பின்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் அச்சு, சக்கர அச்சு மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வரும்போதுதான் இரண்டு ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவே தூரம் மிக அதிகம். ஐஸ் பெட்டிகளை ஏற்றினால் பின்பக்கம் அமுங்கி, அந்தக் கோட்டை நெருங்கும். வெறும் வண்டியில் விறைப்பாக இழுத்து வைத்த செயின் அப்போது கம்பி மாதிரி முறுக்கேறி, கியர் பாக்ஸின் பேரிங்கைப் பதம் பார்க்கும். ஆகவே பாரத்தை ஏற்றியபின் நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள். அப்போதும் கொஞ்சம் தொய்வு இருக்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்க்க வேண்டும். உப்பு தின்ற செயின் ஓரிடத்தில் இறுகியும் ஓரிடத்தில் தொங்கியும் இருக்கும்.

ஓடும்போது செயின் தாண்டினால் செய்ய வேண்டியது ஆக்சிலேட்டரைக் குறைப்பதுதான். திரும்பத் திருகினால் அடுத்த தாண்டலில் அது கழன்று முன் ஸ்பிராக்கெட்டுப் பக்கம் சுருண்டுகொள்ளும். அப்படிச் சுருண்ட செயின் பின்சக்கரத்தைப் பூட்டிவிடலாம், இன்ஜின் கேஸையே உடைத்துவிடலாம். கிளட்ச் இருக்கும் வண்டி என்றால் அதைப் பிடியுங்கள். கியரைக் குறைக்காதீர்கள், அந்த இழுப்பும் செயின்மேல்தான் விழும். இரண்டு பிரேக்கையும் பதமாகப் பிடித்து ஓரம் கட்டுங்கள். செயின் அறுந்தாலும் பிரேக்குக்கு ஒன்றும் ஆகாது என்பதை நினைவில் வைத்தால் பதற்றம் குறையும். பாலத்தின் நடுவில் நிற்க நேர்ந்தால் இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் தள்ளிக்கொண்டு இறங்கிவிடுவது நல்லது. பின்னால் வரும் லாரிக்காரருக்குப் பாலத்தின் உச்சிக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார் என்பது தெரியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் நூறு சி.சி. வண்டிகள் செயினை முழுக்க மூடிய கவரோடு வந்தன. உள்ளே தூசி போகாது, சொட்டு விழாது. இப்போது பல வண்டிகளை அழகுக்காகச் செயினைத் திறந்துபோட்டு விற்கிறார்கள். கவர் உள்ள வண்டியிலும் “சத்தம் வருது” என்று கழற்றிப் பரணில் போடுகிறார்கள். சத்தம் வருவது கவரின் குற்றமல்ல, தொய்ந்த செயின் அதில் இடிக்கிறது என்று எச்சரிக்கிறது. கடலோரத்தில் மீன் ஏற்றப்போகும் வண்டியை வாங்குகிறவர், நிறத்தைப் பார்ப்பதற்கு முன் முழுக் கவர் உண்டா என்று கேட்க வேண்டும். அந்தத் தகரப் பெட்டி கூடுதல் அலங்காரம் இல்லை, பிழைப்புக்கான காப்பு. இறால் பெட்டியோடு பாதிவழியில் நின்றால் உருகும் ஐஸுக்கு விலை சொல்ல ஆள் கிடையாது.

நண்பரின் வண்டிக்கு வருவோம். பின் ஸ்பிராக்கெட்டின் கடைசிப் புறத்தில் செயினை விரலால் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செயின் முடிந்தது. முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட், செயின் மூன்றையும் செட்டாக மாற்றிவிடுங்கள். காசு மிச்சம் என்று செயினை மட்டும் மாற்றினால், பழைய பற்கள் புதுச் செயினைச் சீக்கிரமே கெடுத்துவிடும்.

மாற்றும்போது செயினின் இரு முனைகளையும் இணைக்கும் செயின் லாக் ஒன்றைக் கூடுதலாக வாங்கி டூல் பையில் போட்டு வையுங்கள். வழியில் பெரும்பாலும் கழன்று விழுவது அந்த லாக்தான். புதிய லாக்கை மாட்டும்போது அதன் கிளிப்பைக் கவனியுங்கள். கிளிப்பின் ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை பிளந்திருக்கும். செயின் ஓடும் திசையில் மூடிய முனை முன்னால் போக வேண்டும். மேல்பக்கச் செயினில் பார்த்தால் மூடிய முனை ஹெட்லைட் பக்கம், பிளந்த முனை நம்பர் பிளேட் பக்கம். திருப்பி மாட்டினால் ஒரு கல்லோ கம்பியோ பிளவில் பட்டதும் கிளிப் தெறித்துப்போகும். மெக்கானிக் மாட்டி முடித்ததும் நீங்களே குனிந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.