ஹியூயி: இறக்கி விடுறது ஒரு நடை, திரும்பி வர்றது இன்னொரு நடை

வியட்நாம் போர் பற்றி எந்தப் படம் பார்த்தாலும் காதுல விழுற ஒரு சத்தம் இருக்கும். தப்... தப்... தப்... ரெண்டே ரெண்டு அகலமான இறக்கைகள் காத்தை அடிக்கிற சத்தம் அது. அந்த ஹெலிகாப்டரோட அதிகாரப்பூர்வ பெயர் 'இரோகுவா'. ஆனா ஆரம்பத்துல இருந்த 'ஹெச்யு-1' என்ற குறியீட்டை வெச்சு எல்லாரும் கூப்பிட்டது 'ஹியூயி'ன்னுதான்.

அடிப்படையில இது சண்டை போடுறதுக்குன்னு செஞ்ச வண்டி இல்லை. ஆளை ஏத்தணும், சாமானை ஏத்தணும், காயம்பட்டவங்களைத் தூக்கிட்டு வரணும். நம்ம பாஷையில சொன்னா, பறக்கிற குட்டி யானை.

இன்ஜின் மேல போச்சு, இடம் கிடைச்சது

அதுக்கு முன்னாடி கொரியப் போர்ல ஓடினது பிஸ்டன் இன்ஜின் ஹெலிகாப்டர்கள். அதுல சின்ன ரகமான பெல் ஹெச்-13ல, காயம்பட்டவரை ஸ்ட்ரெச்சரோட வெளிப்பக்கம் கட்டித்தான் கொண்டு போவாங்க. வழியில உள்ளே வெச்சு சிகிச்சை கொடுக்க வாய்ப்பே இல்லை.

1956 அக்டோபரில் முதல்முறை பறந்த ஹியூயில டர்பைன் இன்ஜின். எடை கம்மி, சக்தி அதிகம். அதனால அதைக் கூரை மேல வெச்சுட்டாங்க. கீழே மொத்தமும் காலி இடம், ரெண்டு பக்கமும் அகலக் கதவு. தரையைத் தொட்ட சில நொடியில வீரர்கள் குதிச்சிடலாம். ஸ்ட்ரெச்சரும் உள்ளேயே வந்துடுச்சு.

எக்ஸ்-ரே மைதானம்

1965 நவம்பர் 14. இயா டிராங் பள்ளத்தாக்கு. ஹால் மூர் தலைமையில் சுமார் 450 அமெரிக்க வீரர்களை 'எக்ஸ்-ரே' என்று பெயர் வெச்ச ஒரு வெட்டவெளியில இறக்கணும். கையில இருந்தது 16 ஹியூயி. வெயில்ல காத்து லேசாகும், ஹெலிகாப்டர் தூக்குற எடையும் குறையும். முதல் நடையில போனது சுமார் 80 பேர்தான்.

இங்கதான் சிக்கல். மிச்சப் பேர் வந்து சேர்ற வரைக்கும் அந்த 80 பேர் தனியா நிக்கணும். பக்கத்து மலையில வட வியட்நாம் படை பெரிய எண்ணிக்கையில இருந்தது. சண்டை மூண்டதும் மைதானமே குண்டு மழையாச்சு. மருத்துவ ஹெலிகாப்டர்கள் அங்கே இறங்க மறுத்தாங்க. ஆள் ஏத்துற ஹியூயி பைலட்களான புரூஸ் கிராண்டலும் எட் ஃப்ரீமேனும் ஆயுதம் இல்லாத ஹெலிகாப்டர்ல திரும்பத் திரும்பப் போனாங்க. போகும்போது தோட்டா, வரும்போது காயம்பட்டவங்க. கிராண்டல் மட்டும் 22 முறை. 70க்கும் மேற்பட்டவங்க வெளியே வந்தாங்க. அமெரிக்காவோட உயரிய 'மெடல் ஆஃப் ஹானர்' ஃப்ரீமேனுக்கு 2001லயும், கிராண்டலுக்கு 2007லயும்தான் கிடைச்சது.

ரெண்டாவது நடை வரலைன்னா?

இதுக்கான பதில் நமக்குப் பக்கத்துலேயே இருக்கு. 1987 அக்டோபர் 11 இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானம். விடுதலைப் புலிகளின் தலைமையைப் பிடிக்க இந்திய அமைதிப்படை எம்ஐ-8 ஹெலிகாப்டர்கள்ல கமாண்டோக்களையும், சீக்கிய காலாட்படை வீரர்களையும் இறக்கியது. கீழிருந்து வந்த சூட்டில் ஹெலிகாப்டர்கள் சேதமாக, அடுத்தடுத்த நடைகள் நின்னுபோச்சு. அங்கே தனியா மாட்டின சீக்கிய வீரர்கள் 30 பேர். உயிரோட பிடிபட்டது ஒரே ஒருத்தர். மோதல் நடந்த பகுதியில பொதுமக்களும் பலியானாங்க.

கத்துக்கிட்ட பாடம்

வியட்நாம் அனுபவத்துல பிறந்தது 'பிளாக் ஹாக்'. 1974ல முதல்முறை பறந்தது. ரெண்டு இன்ஜின், கீழே விழுந்தாலும் அதிர்ச்சியைத் தாங்குற இருக்கைகள். ஆனா 1993ல மொகதிஷுவில் தோளில் வெச்சு சுடுற ராக்கெட்டால ரெண்டு பிளாக் ஹாக் விழுந்தது.

இயந்திரம் எவ்வளவு மாறினாலும், மனுஷங்க இறங்கவும் ஏறவும் ஹெலிகாப்டர் தரைக்குப் பக்கத்துல வந்தே ஆகணும். அந்தச் சில நொடிகள் இன்னும் மாறலை. அதனால அடுத்த தடவை அந்தத் 'தப் தப்' சத்தம் கேட்டா, அது எத்தனை பேரை இறக்குதுன்னு மட்டும் பார்க்காதீங்க. திரும்பி வருமான்னும் யோசிங்க.