சுவரின் தாகம்

மார்கழியில் சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் நடந்து பார்த்தால், தெருவுக்கு ஒரு வீட்டிலாவது ஏணியும் பெயிண்ட் வாளியும் வாசலில் இருக்கும். பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வருவதற்கு முன்னாலும் இதே வேலை நடக்கும். இதுபோக, இந்தப் பகுதியின் பழைய தனிவீடுகள் பல இப்போது கிளினிக்காகவும் ஆஸ்பத்திரியாகவும் மாறிவருகின்றன. தாத்தா காலத்துக் கூடம், டோக்கன் வாங்கியவர்கள் உட்காரும் இடமாகிவிடுகிறது. அதனால் உள்சுவருக்கு மறுபடி பெயிண்ட் அடிக்கும் வேலைக்கு இங்கே ஓய்வே கிடையாது. அந்த வேலையில் கடைசியாக நினைவுக்கு வருவதும், பேரத்தில் முதலில் வெட்டுப்படுவதும் ப்ரைமர்தான்.

“ப்ரைமர்னா என்னங்க, மலிவான வெள்ளை பெயிண்ட்டுதானே? அதுக்குப் பதிலா நல்ல பெயிண்ட்டையே மூணு கோட்டா அடிச்சுட்டா போச்சு.” இப்படிச் சொல்லாத வீட்டுக்காரர் குறைவு. பெயிண்டர்களிலும் சிலர் இதைத்தான் நம்புகிறார்கள். பார்வைக்கு அப்படித் தோன்றுவதில் தப்பில்லை. வாளியில் வெள்ளையாக இருக்கிறது, சுவரிலும் வெள்ளையாக இருக்கிறது, விலையும் குறைவு. ஆனால் இரண்டும் செய்கிற வேலை வேறு வேறு. அது எப்படி என்று புரிய, நாம் முதலில் சுவரைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயிண்ட் இல்லாத பூச்சுச் சுவரில் விரலால் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தொட்டு வையுங்கள். சொட்டு வழிந்து இறங்காது. வைத்த இடத்திலேயே கறுத்துப் பரவி, உள்ளே போய்விடும். பூச்சு வேலையின்போது கலவையில் இருந்த தண்ணீர் வெளியேறிய வழியெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளாக நின்றுவிட்டன. சுவர் அவ்வளவு தாகத்தில் இருக்கிறது. அதோடு சிமெண்ட்டுக்குக் காரத்தன்மை அதிகம். புதுப் பூச்சின் பிஎச் அளவு 12-க்கும் மேலே இருக்கும். சுண்ணாம்புத் தண்ணீரும் ஏறக்குறைய அந்த அளவுதான். சில பிசின்களை அந்தக் காரம் மெல்ல மெல்ல அரித்துவிடும். எண்ணெய் சார்ந்த பெயிண்ட் என்றால் அதைச் சோப்பாகவே மாற்றிவிடும்.

இனி பெயிண்டுக்கு வருவோம். இன்று உள்சுவருக்கு அதிகம் அடிக்கப்படும் எமல்ஷனில் முக்கியமாக மூன்று பொருள்கள் உண்டு: நிறம் தரும் பொடி, அந்தப் பொடியைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கும் அக்ரிலிக் பிசின், இரண்டையும் சுமந்து வரும் தண்ணீர். பிசின் தண்ணீரில் கரைந்திருக்காது. மிக நுண்ணிய துளிகளாக மிதந்துகொண்டிருக்கும். தண்ணீர் நிதானமாக ஆவியாகும்போது அந்தத் துளிகள் நெருங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே படலமாகிவிடும். இந்த நிதானம்தான் முக்கியம். தாகத்தில் இருக்கும் சுவர் தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சிக்கொண்டால் துளிகள் சேர நேரம் இருக்காது. பிசினில் ஒரு பங்கும் சுவருக்குள் போய்விடும். மேலே மிஞ்சுவது, பிடிமானம் குறைந்த நிறப்பொடி. ஒரு வருஷம் கழித்துச் சாய்ந்து உட்கார்ந்தவரின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு வருவது அதுதான்.

நம் ஊரில் இதை விளக்கத் தறியைவிட நல்ல உதாரணம் இல்லை. நெசவாளர் பகுதிகளான அம்மாப்பேட்டையிலும் குகையிலும் பாவுநூலுக்குக் கஞ்சி போடாமல் தறியில் ஏற்ற மாட்டார்கள். கஞ்சி போட்டால் நூலில் சிலிர்த்து நிற்கும் பிசிறெல்லாம் படியும், நூல் இறுகும், தறியின் உரசலைத் தாங்கும். கஞ்சிக்குச் செலவு வேண்டாம், அதற்குப் பதில் நூலைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வோம் என்று எந்த நெசவாளரும் சொல்வதில்லை. ப்ரைமரும் சுவருக்கு அந்த வேலையைத்தான் செய்கிறது. நுண்துளைகளில் இறங்கித் தாகத்தை அடக்கும். சுத்தம் செய்த பிறகும் மிஞ்சியிருக்கும் லேசான பொடியைப் பிடித்து நிறுத்தும். காரம் மேலே வராமல் தாங்கும். துணியில் போட்ட கஞ்சி சலவையில் போய்விடும், ப்ரைமர் கடைசிவரை சுவரிலேயே இருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்போது அந்த மூன்று கோட் கணக்கைப் பார்க்கலாம். மூன்றாவது கோட்டாக அடிக்கும் பெயிண்ட் சுவரைத் தொடுவதே இல்லை. இரண்டாவது கோட்டின் மேல்தான் உட்காருகிறது. சுவரைத் தொடும் முதல் கோட் பிசினை இழந்து பலவீனமாகிவிட்டால், அதன்மேல் எத்தனை கோட் ஏற்றினாலும் எல்லாம் அந்தப் பலவீனமான அடித்தளத்தில்தான் நிற்கும். பணக் கணக்கும் உதைக்கிறது. விலை கூடிய பெயிண்டைச் சுவர் குடிக்கக் கொடுத்துவிட்டு, நிறம் சமமாக வர இன்னும் ஒரு டப்பா வாங்குகிறோம். அப்படி அடித்த சுவரைச் சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது பாருங்கள். சில இடம் மினுமினுப்பாகவும் சில இடம் மங்கலாகவும் தெரியும். சுவர் எங்கே அதிகம் குடித்தது என்பது அப்படியே வெளியே தெரிந்துவிடும். இதே தப்பு மறுபக்கமும் நடக்கிறது. வாடகை வீடுதானே என்று ப்ரைமரை மட்டும் அடித்து விட்டுவிடுகிறார்கள். ப்ரைமர் உரசலையும் ஈரத்துணியையும் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. சீக்கிரமே அழுக்கேறும், துடைத்தால் தேய்ந்து வந்துவிடும்.

சுவர் நிறத்தை உறிஞ்சுவது எப்போதும் கெடுதல் என்று நினைத்துவிட வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவற்றை ஆராய்ந்த வேதியியலாளர் எஸ். பரமசிவன், ஈரம் காயாத சுண்ணாம்புப் பூச்சின்மேல் எழுதப்பட்டவை அவை என்று விளக்கினார். ஈரச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மறுபடி கல்லாக இறுகும்போது நிறத்தையும் தன்னோடு பிடித்துக்கொள்ளும். அங்கே பிடிமானம் சுவரில் இருந்தது, அதனால் சுவர் நிறத்தை உள்ளே இழுக்க வேண்டியிருந்தது. நம் எமல்ஷனில் பிடிமானம் பெயிண்டுக்குள்ளேயே இருப்பதால், சுவர் இழுக்காமல் பார்த்துக்கொள்கிறோம்.

இதுவரை பேசியது வெறும் பூச்சுச் சுவரைப் பற்றி. மறுபடி அடிக்கிற சுவரில் ஏற்கனவே யாரோ எதையோ பூசியிருக்கிறார்கள். பழைய வீட்டின் சுவரில் ஓர் ஓரத்தைப் பட்டித் தகடால் சுரண்டிப் பார்த்தால் வீட்டின் வரலாறே தெரியும். மேலே சந்தன நிற எமல்ஷன், அதன்கீழ் வெளிர்பச்சை டிஸ்டெம்பர், அதற்கும் அடியில் நீலம் கலந்து அடித்த சுண்ணாம்பு, வருஷத்துக்கு ஒன்றாகப் பல அடுக்கு. இந்தச் சுண்ணாம்புதான் நம்மைக் கவிழ்க்கும். அடுக்கு தடிக்கத் தடிக்க அதன் பிடி தளர்ந்துவிடும். அதன்மேல் ப்ரைமர் அடித்தால் ப்ரைமர் சுண்ணாம்பை நன்றாகவே பிடிக்கும். ஆனால் சுண்ணாம்பு சுவரைப் பிடிக்காது. காயும்போது படலம் இழுக்க, அப்பளம் அப்பளமாக எல்லாம் சேர்ந்தே கழன்று விழும். பழி ப்ரைமர்மேல் விழும். தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, சுரண்டி எடுப்பதைத் தவிர இதற்குக் குறுக்கு வழி இல்லை. டிஸ்டெம்பரும் பெரும்பகுதி சாக்பீஸ் பொடிதான். பொடி உதிர்கிறதென்றால் அதையும் தேய்த்துக் கழுவி எடுத்துவிட வேண்டும்.

சுவர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. கறுப்புத் துணியால் அழுத்தி ஒரு இழுப்பு இழுங்கள். பொடி எவ்வளவு வருகிறது என்று தெரிந்துவிடும். பிறகு நல்ல ஒட்டும் டேப்பை ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டி, நகத்தால் தேய்த்து, வெடுக்கென்று பிடுங்குங்கள். டேப்போடு பழைய பெயிண்ட் செதிலாக வந்தால், அந்த அடுக்கு எதையும் தாங்காது என்று பொருள். டேப் சுத்தமாக வருகிறது, பொடியும் இல்லை, தண்ணீர்ச் சொட்டும் உள்ளே இறங்காமல் வழிகிறது, நிறமும் பெரிதாக மாறப்போவதில்லை என்றால், அந்தச் சுவருக்கு ப்ரைமரே வேண்டாம். கழுவி, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டு நேரே எமல்ஷன் அடிக்கலாம். ஒயரிங்குக்காக வெட்டிப் பூசிய இடம், மேடுபள்ளத்தை நிரவப் பட்டி வைத்த இடம் இவற்றுக்கு மட்டும் ப்ரைமர் தொட்டால் போதும். எல்லாச் சுவருக்கும் கண்ணை மூடிக்கொண்டு ப்ரைமர் அடிப்பதும் வீண்செலவுதான்.

பட்டி என்று சொன்னதும் ஒரு குழப்பம் வரும்: பட்டி முதலிலா, ப்ரைமர் முதலிலா? எந்தப் பட்டி என்பதைப் பொறுத்தது. வெள்ளை சிமெண்ட்டில் செய்த பட்டி, பெயிண்ட் இல்லாத பூச்சில், சுவரை நனைத்து இட வேண்டியது. அதற்கு அடியில் ப்ரைமர் கூடாது, பழைய பெயிண்டின்மேலும் அது நிற்காது. டப்பாவில் குழைத்தே வரும் அக்ரிலிக் பட்டிக்கு அடியில் ஒரு கோட் ப்ரைமர் வேண்டும். எதுவானாலும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பட்டியில் மாவுபோல் தூசி நிற்கும், தாகமும் இருக்கும். ஆகவே தூசியைத் துடைத்துவிட்டு அதன்மேல் ஒரு கோட் ப்ரைமர் அடிப்பதே நல்லது. புதிதாகச் சிமெண்ட் பூசிய இடத்தை 28 நாளாவது இறுகி உலர விட்டுவிட்டு இதையெல்லாம் ஆரம்பியுங்கள்.

ப்ரைமரிடம் கேட்கக் கூடாத ஒன்றும் உண்டு. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குச் சுவர் பொரிந்து, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும் வீடுகளை எல்லாரும் பார்த்திருக்கிறோம். நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். நிலத்தின் ஈரம் சுவர் வழியாக ஏறி ஆவியாகும்போது உப்பை வெளியே தள்ளிவிடும். அப்படி வளரும் உப்புக்கு எந்தப் படலத்தையும் பெயர்த்துத் தள்ளும் வலு உண்டு. ஈரம் வரும் வழியை அடைக்காமல் மேலே ப்ரைமர் அடித்தால், அடுத்த மழைக்குள் அதே இடம் மறுபடி பொரியும். சந்தேகம் இருந்தால் ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. அப்போது கூப்பிட வேண்டியவர் கொத்தனார். ஒழுகும் குழாயா, மேல்தளத்தின் விரிசலா, அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஈரமா என்று அவர் பார்த்துச் சரிசெய்த பிறகு பெயிண்டர் வரட்டும்.

பூஜை அறைச் சுவருக்குத் தனி கவனம் தேவை. பல வருஷம் விளக்குப் புகையும் சாம்பிராணியும் படிந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவிய பிறகும், தண்ணீரில் கலக்கும் ப்ரைமரை அடித்தால் கறை மஞ்சளாக ஊறி மேலே வரும். அங்கே மட்டும் டர்பன்டைனில் கலக்கும் ப்ரைமர் உதவும். கறையை அது அடைத்துவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அது காய்ந்து வாடை போகும்வரை அந்த அறையில் விளக்கு ஏற்ற வேண்டாம், ஆவி தீப்பற்றக்கூடியது.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். சில பழைய வீடுகளில் சுவரின் கீழ்ப்பாதிக்கு எனாமல் அடித்திருப்பார்கள். அந்தப் பளபளப்பை உப்புத்தாளால் மங்கடிக்காமல் ப்ரைமர் பிடிக்காது. ஆனால் அந்தக் காலத்து எனாமலில் ஈயம் இருக்கலாம். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற இந்திய விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே உலர்ந்தபடி தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். தேய்ப்பவர் முகக்கவசம் போடட்டும். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த அறைப்பக்கம் விடாதீர்கள்.

அடிக்கும் வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எவ்வளவு தண்ணீர் கலக்க வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். அந்த அளவைத் தாண்டினால் சுவரில் இறங்குவது பிசின் இல்லாத வெள்ளைத் தண்ணீர்தான். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே டப்பா சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் வேலை நடந்தால், அனலடிக்கும் மேற்குச் சுவரைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. சூடான சுவரில் பிசின் துளிகள் சேர்வதற்குள் தண்ணீர் ஆவியாகிவிடும்.

அடுத்த முறை பெயிண்டர் விலை சொல்ல வரும்போது, அவரோடு ஒவ்வொரு சுவருக்கும் போய்த் துணியையும் டேப்பையும் போட்டுப் பாருங்கள். எங்கே சுரண்ட வேண்டும், எங்கே ப்ரைமர் வேண்டும், எங்கே வேண்டாம் என்று சுவர்வாரியாக எழுதிக்கொள்ளுங்கள். சுரண்டுவது, கழுவுவது, தேய்ப்பது ஆகியவற்றின் கூலியைச் சதுர அடி விலையோடு சேர்க்காமல் தனியாகப் பேசி, அதைக் குறைக்காமல் கொடுங்கள். உழைப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.