அமெரிக்க போலீஸுக்கு எவ்வளவு படிப்பு போதும்?

நியூயார்க் நகர போலீஸில் சேரக் கல்லூரியில் 60 கிரெடிட் முடித்திருக்க வேண்டும், அல்லது இரண்டு ஆண்டு ராணுவத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது பல ஆண்டுகளாக இருந்த விதி. ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் மூன்று கிரெடிட் என்பதால், 60 என்பது ஏறக்குறைய இரண்டு வருடப் படிப்பு. 2025 பிப்ரவரியில் கமிஷனர் ஜெசிகா டிஷ் அதை 24 ஆகக் குறைத்தார். வேலைக்கு ஆள் வரவில்லை, அதுதான் காரணம்.

அமெரிக்காவில் ஏறத்தாழ 18,000 போலீஸ் துறைகள் தனித்தனியே இயங்குகின்றன. பெரும்பாலானவற்றுக்குப் பள்ளிப் படிப்பே போதும். பட்டம் வேண்டும் என்ற பேச்சைத் தொடங்கிவைத்தவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகர போலீஸ் தலைவர் ஆகஸ்ட் வோல்மர். 1908-லேயே காவலர்களுக்கென்று பள்ளி நடத்தியவர். கல்லூரிப் பட்டம் இல்லாத அவர், பிற்காலத்தில் பெர்க்லி பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியர் ஆனார்.

1967-ல் அதிபர் ஜான்சன் அமைத்த ஆணையம், காவலர் எல்லோரும் பட்டதாரிகளாக இருப்பதே இறுதி இலக்கு என்றது. மறு ஆண்டு வந்த சட்டத்தின் கீழ், படிக்க விரும்பும் போலீஸாருக்கு மத்திய அரசு கடனும் உதவித்தொகையும் கொடுத்தது. பணம் வருகிறது என்றதும் கல்லூரிகள் போலீஸ் படிப்புகளை அடுக்கடுக்காகத் திறந்தன. பல இடங்களில் பாடம் நடத்தியவர்களும் போலீஸ்காரர்களே. பயிற்சிப் பள்ளியில் சொல்லித்தந்ததையே கல்லூரியிலும் திருப்பிச் சொன்னார்கள். குற்றவியலாளர் லாரன்ஸ் ஷெர்மன் 1978-ல் வெளியிட்ட அறிக்கை இதைக் கடுமையாகச் சாடியது. என் பார்வையில், இந்த விவாதத்தில் இன்றும் சரியாகக் கேட்கப்படாத கேள்வி அதுதான்: எத்தனை கிரெடிட் என்று எண்ணுகிறார்கள், எதைப் படித்தார்கள் என்று பார்ப்பதில்லை.

கல்லூரித் தகுதி கறுப்பின இளைஞர்களை வாசலிலேயே தடுக்கிறது என்ற குற்றச்சாட்டு நீதிமன்றம் வரை போனது. டல்லாஸ் நகரம் 45 கிரெடிட் கேட்டதை எதிர்த்த வழக்கில், 1985-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. பொதுமக்கள் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட பொறுப்பான வேலை, ஆகவே கூடுதல் தகுதி கேட்கலாம் என்றது.

பட்டம் பெற்றவர் அடிப்பதில்லையா? ஜேசன் ரைட்பெர்க், வில்லியம் டெரில் இருவரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வு, கல்லூரி படித்த காவலர்கள் பலத்தைப் பிரயோகிப்பது குறைவு என்று கண்டது. ஆனால் கைது செய்வதிலோ சோதனை போடுவதிலோ படித்தவருக்கும் படிக்காதவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆய்வு நடந்ததும் இரண்டு நடுத்தர நகரங்களில்தான்.

மினசோட்டா மாநிலம் 1970களின் பிற்பகுதியிலிருந்தே கல்லூரிப் படிப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டதும் அங்கேதான். அவர் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திய போலீஸ்காரர் டெரிக் ஷாவின், சட்ட அமலாக்கத்தில் இளங்கலைப் பட்டம் வாங்கியவர். ஒரே ஆளை வைத்துப் படிப்பே வீண் என்று முடிவுகட்டுவது அவசரம்தான். ஆனாலும் பட்டத்தைக் காட்டி நிம்மதியாக இருந்தவர்களுக்கு அதன்பிறகு பதில் சொல்வது சிரமமாயிற்று.

மினசோட்டாவுக்கும் ஆள் பஞ்சம் உண்டு. ஆனால் அது நியூயார்க்கின் வழியில் போகவில்லை. வேறு துறையில் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்குக் குறுகிய காலத் தீவிரப் பயிற்சி தந்து, அதன் செலவையும் அரசே ஏற்கும் திட்டத்துக்கு 2023-ல் ஒப்புதல் கொடுத்தது.