முதலாம் வகை நீரிழிவில் இன்சுலின் முறையை மாற்றுதல்

முதலாம் வகை நீரிழிவு என்பது, கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே அழித்துவிடுவதால் ஏற்படும் நோயாகும். இந்நோய் உள்ளவர்கள் வாழ்நாள் முழுவதும் இன்சுலினை வெளியிலிருந்து செலுத்திக்கொள்ள வேண்டும். எந்த வகை இன்சுலின், எத்தனை வேளை, எவ்வளவு அளவு என்ற ஏற்பாடு இன்சுலின் முறை எனப்படுகிறது. நாளுக்கு இரண்டு வேளை கலவை இன்சுலின் போட்டு வந்தவர், நாளுக்கு நான்கு ஊசி போடும் அடிப்படை–உணவுவேளை முறைக்கு மாறுவது பரவலாகக் காணப்படும் மாற்றமாகும். இதில் ஊசிகளின் எண்ணிக்கை கூடுவதோடு, ஒவ்வொரு வேளையும் அளவை முடிவு செய்யும் பொறுப்பும் நோயாளியின் கைக்கு வருகிறது.

பழைய முறையும் புதிய முறையும்

பரவலாகப் பயன்படும் 30/70 கலவை இன்சுலினில் 30 விழுக்காடு குறுகிய நேரமும், 70 விழுக்காடு நடுத்தர நேரமும் வேலை செய்யும் இன்சுலின் இருக்கும். நடுத்தர இன்சுலின் போட்ட 4 முதல் 10 மணி நேரத்துக்குள் உச்சத்தை அடைகிறது. ஆகவே காலையில் போட்ட ஊசி நண்பகலில் வலுவாக வேலை செய்யும். மதிய உணவு தாமதமானால் சர்க்கரை இறங்கிவிடும். இரவு ஊசியின் உச்சம் நள்ளிரவுக்குப் பின் வருவதால் உறக்கத்திலேயே சர்க்கரை தாழலாம். இம்முறையில் உணவு இன்சுலினைப் பின்தொடர வேண்டியுள்ளது.

புதிய முறையில் இரண்டு வேலைகளும் பிரிக்கப்படுகின்றன. கிளார்ஜின் போன்ற நீண்ட நேர இன்சுலின் நாளுக்கு ஒரு முறை போடப்பட்டு, சுமார் 24 மணி நேரம் பெரிய உச்சமின்றி வேலை செய்கிறது. உணவுக்கு முன் போடப்படும் லிஸ்ப்ரோ, ஆஸ்பார்ட் போன்ற விரைவு இன்சுலின் 10–15 நிமிடங்களில் தொடங்கி 3–5 மணி நேரத்தில் முடிகிறது. ஒரு வேளை உண்ணாவிட்டால் அவ்வேளை ஊசி தேவையில்லை. இங்கு இன்சுலின் உணவைப் பின்தொடர்கிறது.

மாற்றத்தின் பின்னணி

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை 1,441 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு, சர்க்கரையை நெருக்கமாகக் கட்டுப்படுத்தினால் கண் பாதிப்பு உருவாகும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைவதைக் காட்டியது. சிறுநீரக, நரம்புப் பாதிப்புகளும் பெருமளவு குறைந்தன. ஆனால் கடுமையான தாழ்சர்க்கரை சுமார் மூன்று மடங்கு கூடியது. பின்னர் அமெரிக்காவில் 1996இல் லிஸ்ப்ரோவும் 2000இல் கிளார்ஜினும் ஒப்புதல் பெற்றன. இவை உடலின் இயல்பான சுரப்பை மேலும் நெருக்கமாக ஒத்திருப்பதால் அந்த அபாயத்தைக் குறைக்க உதவின.

அளவைக் கணக்கிடுதல்

நாளின் மொத்த இன்சுலினில் ஏறத்தாழ பாதி அடிப்படை இன்சுலினாகவும், மீதி மூன்று வேளைக்கும் பிரித்தும் தரப்படும். மாறும்போது தாழ்சர்க்கரையைத் தவிர்க்க, மருத்துவர்கள் தொடக்க அளவைச் சற்றுக் குறைப்பதுண்டு.

உணவுவேளை அளவுக்கு இரண்டு கணக்குகள் உதவுகின்றன. 500ஐ நாளின் மொத்த யூனிட்டால் வகுத்தால், ஒரு யூனிட் எத்தனை கிராம் மாவுச்சத்தை ஈடுகட்டும் என்பது தோராயமாகக் கிடைக்கும். 1800ஐ அவ்வாறே வகுத்தால், ஒரு யூனிட் எத்தனை மி.கி. சர்க்கரையைக் குறைக்கும் என்பது கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, ஒருவரின் மொத்த அளவு 40 யூனிட் என்போம். அவருக்கு ஒரு யூனிட் 12.5 கிராம் மாவுச்சத்தை ஈடுகட்டும், 45 மி.கி. குறைக்கும். 100 கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து உள்ளது. 200 கிராம் சோற்றுக்கு 56 கிராம். அதற்கு ஏறத்தாழ 4.5 யூனிட். உண்ணும் முன் சர்க்கரை 210, இலக்கு 120 என்றால், கூடுதலாக உள்ள 90க்கு 2 யூனிட். ஆக 6.5 யூனிட். இது விளக்கத்துக்கான கணக்கே. உண்மையான விகிதம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்கும் காலையில் ஒன்றாகவும் இரவில் வேறாகவும் இருக்கலாம். அதை மருத்துவருடன் சேர்ந்தே உறுதி செய்ய வேண்டும்.

மாறும்போது நேரும் தவறுகள்

* இந்தியாவில் குப்பியில் கிடைக்கும் இன்சுலின் பெரும்பாலும் 1 மி.லி.க்கு 40 யூனிட் செறிவுடையது. பேனாவுக்கான கார்ட்ரிட்ஜ் 100 யூனிட் செறிவுடையது. சிவப்பு மூடி சிரிஞ்சு 40க்கும், ஆரஞ்சு மூடி சிரிஞ்சு 100க்கும் உரியவை. கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை எடுத்தால் உடலுக்குள் செல்வது 25 யூனிட். இது உயிருக்கே ஆபத்தாகலாம்.
* கலவை இன்சுலின் கலங்கலாக இருக்கும். கிளார்ஜினும் விரைவு இன்சுலினும் தெளிவாகவே இருப்பதால், பேனா மாறிப்போக வாய்ப்புண்டு. வேறு நிறப் பேனாக்களை வேறு இடங்களில் வைப்பது நல்லது.
* கிளார்ஜினை வேறு இன்சுலினுடன் ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது.
* பழைய பழக்கத்தில் ஊசி போட்டு அரை மணி நேரம் காத்திருந்தால், விரைவு இன்சுலின் உணவை முந்திவிடும்.
* உண்ட ஒரு மணி நேரத்தில் சர்க்கரை கூடியிருப்பதைக் கண்டு மீண்டும் ஊசி போட்டால், முதல் ஊசியின் மீதத்தோடு அதுவும் சேர்ந்து சில மணி நேரத்தில் சர்க்கரையைத் தாழ்த்தும்.

முதல் வாரங்கள்

இக்காலத்தில் ஒவ்வொரு உணவுக்கு முன்பும், படுக்கும் முன்பும், சில நாட்கள் அதிகாலை 3 மணிக்கும் சர்க்கரையைப் பார்த்து, உணவோடும் ஊசி அளவோடும் குறித்து வைக்க வேண்டும். எந்த எண் எந்த ஊசியைப் பற்றியது என்று அறிவதே இதில் முக்கியம். மதிய உணவுக்கு முன் காணும் அளவு காலை ஊசி சரியா என்பதைச் சொல்கிறது. படுக்கும்போதும் விடியலிலும் அளவு ஏறத்தாழ ஒன்றாக இருந்தால், அடிப்படை இன்சுலின் சரியாக உள்ளது எனலாம். ஒரு நாள் எண்ணை வைத்து அடிப்படை அளவைக் கூட்டக் கூடாது. பொதுவாக மூன்று நாள் போக்கைப் பார்த்தே சிறிது சிறிதாக மாற்றுவர். ஆனால் கடுமையாகத் தாழ்ந்தால் காத்திராமல் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

நெடுநாள் உயர் சர்க்கரைக்குப் பழகிய உடலில், அளவு இயல்புக்கு வரும்போதே நடுக்கம், பசி, வியர்வை தோன்றலாம். சோதித்துப் பார்த்தால் 100க்கு மேல் இருக்கும். சில வாரங்களில் இது சீராகிவிடும். கண் பார்வை தற்காலிகமாக மங்குவதும் உண்டு. எனினும் சர்க்கரை விரைவாகக் குறையும்போது ஏற்கெனவே உள்ள விழித்திரைப் பாதிப்பு மோசமடையலாம் என்பதால் கண் பரிசோதனை தேவை.

தாழ்சர்க்கரையும் நோயுற்ற நாட்களும்

அளவு 70 மி.கி.க்குக் கீழே போனால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவிழந்தவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. குளுக்ககான் ஊசி இருந்தால் போட்டு, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பள்ளி செல்லும் குழந்தைக்கு மதிய ஊசி சேர்வதால், இவற்றை ஆசிரியரும் அறிந்திருப்பது அவசியம்.

காய்ச்சல், வாந்தி ஆகியவற்றால் உண்ண முடியாத நாளிலும் அடிப்படை இன்சுலினை நிறுத்தக் கூடாது. சாப்பிடாவிட்டால் ஊசி வேண்டாம் என்ற விதி உணவுவேளை இன்சுலினுக்கு மட்டுமே உரியது. நோய்க் காலத்தில் கல்லீரல் கூடுதலாகச் சர்க்கரையை வெளியிடுகிறது. இன்சுலின் இல்லாத உடல் கொழுப்பை எரித்து கீட்டோன்களை உண்டாக்குகிறது. சர்க்கரை 250க்கு மேல் நீடித்தால் கீட்டோன் சோதனை செய்ய வேண்டும். தொடர் வாந்தி, வயிற்று வலி, ஆழ்ந்த வேக மூச்சு, மூச்சில் பழவாடை ஆகியவை கீட்டோ அமிலத்தன்மையின் அறிகுறிகள். இவை தெரிந்தால் வீட்டில் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.