மயக்கத்தில் இதயத்தை யார் கவனிப்பது?

அறுவைசிகிச்சைக்கு முன் நோயாளிகளின் பயமெல்லாம் வலியைப் பற்றியும், நடுவில் விழித்துக்கொள்வோமா என்பதைப் பற்றியும்தான். மயக்கவியல் மருத்துவர் அதோடு இன்னொன்றையும் கணத்துக்குக் கணம் கவனிக்கிறார்: ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும்.

சாதாரணமாக இதை உடலே பார்த்துக்கொள்கிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உண்டு. படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கும். உடனே ரத்தக் குழாய்கள் சுருங்கி, இதயம் வேகமெடுத்து, அழுத்தத்தைக் காப்பாற்றும். மயக்க மருந்துகள் பல இந்த ஏற்பாட்டை மழுங்கடிக்கின்றன. புரோபோஃபால் ரத்தக் குழாய்களையும் தளர்த்துவதால், ஊசி போட்ட சில நிமிடங்களில் அழுத்தம் சரிவது வழக்கம். அடுத்து மூச்சுக்குழாயில் டியூப் போடும்போது நிலைமை தலைகீழாகும்: அட்ரினலின் பெருகி, அழுத்தமும் துடிப்பும் தாவி ஏறும். அதை அடக்கவே ஃபென்டனில் போன்ற மருந்தை முன்கூட்டியே கொடுக்கிறார்கள்.

எவ்வளவு இருந்தால் போதும்?

மருத்துவர் முக்கியமாகப் பார்ப்பது சராசரி அழுத்தம். 120/80 உள்ளவருக்கு அது சுமார் 93. பொதுவாக 65-க்குக் கீழே இறங்க விடுவதில்லை. இறங்கினால் சிறுநீரகமும் இதயத் தசையும் பாதிக்கப்படலாம். பல ஆண்டுகளாக உயர் ரத்த அழுத்தம் உள்ளவருக்கு இந்த 65-கூடப் போதாமல் போகலாம். துடிப்பு மிகையாவதும் ஆபத்தே. இதயத்தின் இடது கீழறைத் தசைக்குப் பெரும்பாலும் துடிப்புகளுக்கு இடையில்தான் ரத்தம் கிடைக்கிறது. வேகம் கூடக்கூட அந்த இடைவெளி குறுகிவிடும்.

காரணத்துக்கே மருந்து

அழுத்தம் குறைந்தால் முதல் கேள்வி ‘ஏன்?’ என்பதுதான். குழாய்கள் தளர்ந்திருந்தால், அவற்றைச் சுருக்கும் ஃபெனைல்எஃப்ரின் அல்லது நார்அட்ரினலின். ரத்தம் இழந்திருந்தால் திரவமும் ரத்தமும். மாறுகண் அறுவைசிகிச்சையில் கண் தசையை இழுத்ததும் இதயம் மந்தமாகி அழுத்தம் சரியலாம். முதலில் இழுப்பதை நிறுத்த வேண்டும், பிறகே துடிப்பைக் கூட்டும் அட்ரோபின். லேப்ராஸ்கோப்பியில் வயிற்றை வாயுவால் நிரப்பும்போதும் இப்படி நேரலாம். அப்போது வாயுவை வெளியேற்றுவார்கள். துடிப்பு ஏறினால், மயக்கம் போதிய ஆழத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வேகத்தைக் குறைக்கும் எஸ்மோலால்.

எண்ணை மட்டும் அடக்க முயல்வது எவ்வளவு ஆபத்தானது என்பதை 2008-இல் வெளியான ‘பாய்ஸ்’ ஆய்வு காட்டியது. இதயம் சாராத அறுவைசிகிச்சை செய்துகொண்ட 8,351 பேர் அதில் இருந்தனர். அறுவைசிகிச்சைக்குச் சில மணி நேரம் முன், துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் தொடங்கியவர்களிடம் மாரடைப்பு குறைந்தது. ஆனால் பக்கவாதமும் மரணமும் கூடின.

மயக்கத்தின்போது நாடியையும் அழுத்தத்தையும் கண்காணிக்கும் பழக்கத்துக்கு வித்திட்டவர்களில் ஒருவர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங். மாணவராக இருந்தபோதே, 1890-களில், ஈதர் மயக்கத்தின்போது நாடியைக் குறித்துவைக்கும் அட்டவணையை நண்பர் காட்மனுடன் சேர்ந்து உருவாக்கினார். 1901-இல் இத்தாலியின் பாவியாவில் ரிவா-ரோச்சியின் அழுத்தமானியைக் கண்டு, அதை அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றார்.

இன்று மானிட்டர் எல்லாவற்றையும் காட்டும். ஆனால் நீங்கள் விழுங்கிய மாத்திரையை அது காட்டாது. மெட்டோப்ரோலால், அட்டினலால் வகையை ஏற்கெனவே சாப்பிட்டு வருபவர்களைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். திடீரென நிறுத்தினால் துடிப்பு எகிறும். டெல்மிசார்டன், எனலாப்ரில் வகையைப் பலரும் ஒரு நாள் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தாவிட்டால் மயக்கத்தில் அழுத்தம் அதிகமாகச் சரியலாம். இதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பரிசோதனைக்குப் போகும்போது ப்ரஷர் மாத்திரை, நாட்டு மருந்து உட்பட எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோய் மயக்கவியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.