மின்கிற்றாரின் வயிறு

மரக் கிற்றாருக்கு வயிறு உண்டு, மின்கிற்றாருக்கு இல்லை. திருகோணமலைப் பாலையூற்றுப் பகுதியில் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர் தங்கள் கலியாணங்களில் வயலினையும் றபானையும் கிற்றாரையும் சேர்த்துக் காஃப்ரிஞ்ஞா ஆட்ட இசையை வாசிப்பது பல தலைமுறைப் பழக்கம். அந்த மரக் கிற்றாரில் கம்பி அதிர, மேற்பலகை அதிர்கிறது. உள்ளே இருக்கும் காற்றும் அதிர்ந்து வட்டத் துளையால் வெளியேறுகிறது. ஒலி பிறக்கும் இடமும் வளரும் இடமும் ஒன்றே. மின்கிற்றாரோ திடமான ஒரு கட்டை. அதன் கம்பியசைவைக் காந்தச்சுருள் மின்சாரமாக்கி அம்ப்ளிபயருக்கு அனுப்புகிறது. அதற்கு வயிறாக அமைவது வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னே நிற்கும் கறுப்புப் பெட்டி. இசைக்குழுக்காரர் அதை வெறுமனே 'பொக்ஸ்' என்பார்கள்.

கிற்றாரையும் அம்ப்ளிபயரையும் ஆராய்ந்து வாங்குகிறவர்கள்கூட இந்தப் பெட்டியைச் சாமான் வைக்கும் கூடாக நினைத்துவிடுகிறார்கள். ஆனால் அதே கிற்றாரை, அதே விரல்களை வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் மாற்றிப் பாருங்கள். வேறொரு வாத்தியம் பேசும்.

கிற்றாரின் தடித்த கம்பி வினாடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. அதாவது 82 ஹேர்ட்ஸ். றொக் பாட்டுக்காக அம்ப்ளிபயரை முறுக்கிவிட்டால் அந்தச் சுரத்தோடு அதன் மடங்குகளும் பிறந்து 10,000 ஹேர்ட்ஸையும் தாண்டிப் போகும். அந்த மின்குறியை வீட்டில் பாட்டுக் கேட்கும் நல்ல ஸ்பீக்கரில் நேரே விட்டால் குளவிக்கூட்டம் இரைவது போலிருக்கும். கிற்றார் பெட்டியில் இருக்கும் 12 அங்குலக் காகிதக் கூம்பால் அவ்வளவு வேகமாக அசைய முடியாது. ஏறத்தாழ 5,000 ஹேர்ட்ஸுக்கு மேல் அதன் ஒலி சட்டென்று இறங்கிவிடும். எரிச்சலூட்டும் பகுதி அங்கேயே வடிகட்டப்படுகிறது. உலகம் கேட்டு மயங்கிய கிற்றார் ஒலிகளில் பெரும்பாலானவை இந்த 'இயலாமை'யால் உருவானவை.

இன்று நாம் பயன்படுத்தும் சுருள் வகை ஸ்பீக்கருக்கு 1925இல் அமெரிக்கப் பொறியியலாளர்கள் ரைஸும் கெலாக்கும் எழுதிய ஆய்வுக் கட்டுரை அடித்தளமிட்டது. இந்த ஸ்பீக்கரின் கூம்புக்கு இரண்டு முகங்கள். முன்னே தள்ளும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது. அதே கணத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. இரண்டும் நேரெதிர். வெறும் ஸ்பீக்கரை மேசையில் வைத்து வாசித்தால் இந்த இரண்டு அலைகளும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தாழ்ந்த சுரங்களே அதிகம் அழியும். திருகோணமலை வெயிலில், 30 பாகை வெப்பத்தில், ஒலி வினாடிக்கு 349 மீற்றர் செல்கிறது. அந்தக் கணக்கில் 82 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் 4 மீற்றருக்கும் சற்று மேல். இவ்வளவு நீண்ட அலைக்கு ஒரு ஸ்பீக்கரின் விளிம்பு தடையே இல்லை. பெட்டியின் முதல் வேலை இந்தச் சுற்றுப்பாதையை நீட்டுவது, அல்லது அடியோடு அடைப்பது.

நீட்டுவது திறந்த முதுகுப் பெட்டி. ஃபெண்டர் நிறுவனத்தின் ட்வின் ரிவேர்ப், வொக்ஸ் நிறுவனத்தின் ஏசி 30, 1975இல் வந்த ரோலண்ட் ஜேசி 120 ஆகிய மூன்றும் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கரும் திறந்த முதுகும் கொண்டவை. கூம்பின் பின்பக்க அலை, அதாவது பின்னலை, பலகையைச் சுற்றி முன்னே வர, ஏறத்தாழ 60 செ.மீ. கூடுதல் தூரம் செல்வதாக வைத்துக்கொள்வோம். அந்தத் தூரம் எந்த அலைக்குப் பாதி நீளமோ அந்த அலையில் எதிர்ப்பு நட்பாகிவிடும். முன்னலையும் பின்னலையும் கைகோக்கும். கணக்குப் போட்டால் அது 290 ஹேர்ட்ஸ் அளவில் வருகிறது. கிற்றாரின் நடுச்சுரங்கள் வாழும் இடம் அது. அதற்குக் கீழே போகப்போக இரண்டும் மறுபடி அழியத் தொடங்கும். திறந்த பெட்டியில் நடுப்பகுதி உருண்டு திரண்டும், அடிப்பகுதி மெலிந்தும் கேட்பது இதனால்தான்.

அடைப்பது மூடிய பெட்டி. லண்டனில் வாத்தியக் கடை நடத்திய ஜிம் மார்ஷல், 1965 வாக்கில் 'த ஹூ' குழுவின் பீட் டவுன்ஷென்ட் கேட்டதற்காக எட்டு ஸ்பீக்கர் கொண்ட ஒரு பெரும் பெட்டியைச் செய்தார். தூக்க முடியாத பாரம். அதை நான்கு நான்காகப் பிரித்து ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினார்கள். மேல்பெட்டியின் முகத்தைச் சற்றுச் சாய்த்தார்கள். றொக் மேடைகளின் அடையாளமாகிவிட்ட அந்த அடுக்கு அப்படிப் பிறந்தது. மூடிய பெட்டிக்குள் சிறைப்பட்ட காற்று ஒரு வில்லாகிறது. கூம்பு உள்ளே போனால் வெளியே தள்ளும், வெளியே போனால் உள்ளே இழுக்கும். எட்கர் வில்ச்சர் 1954இல் இந்தக் காற்றுவில்லையே நம்பி வீட்டு ஸ்பீக்கரை வடிவமைத்தார். கிற்றார் பெட்டியில் இதன் விளைவு, இறுக்கமாக வந்து சட்டென்று நிற்கும் அடித்தொனி. மேளத்தோடு சேர்ந்து அடிக்கும் கனத்த கோர்ட்டுகளுக்கு இதுவே பொருத்தம்.

மூன்றாவது வகை, மூடிய பெட்டியில் கணக்கிட்ட அளவில் ஒரு வாய் விடுவது. பெல் ஆய்வுக்கூடத்தின் ஆல்பர்ட் துராஸ் இதற்கு 1932இல் காப்புரிமை பெற்றார். வாயில் இருக்கும் காற்று ஒரு எடை, உள்ளே இருக்கும் காற்று ஒரு வில். இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட சுரத்தில் தாமே ஊசலாடும். வாய் ஒடுங்கினால் சுரம் தாழும். வயிறு சிறுத்தால் சுரம் உயரும். இந்தச் சுரத்தைக் கூம்பின் ஒலி தளரும் இடத்துக்குப் பொருத்திவிட்டால், கூம்பு விட்டதை வாய் பாடும்.

இதே விதியைத் திருகோணமலை தன் நிலவமைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. உள்துறைமுகம் ஒரு வயிறு. கொட்டியாரக் குடாவை நோக்கித் திறக்கும் ஒடுங்கிய வாசல் அதன் வாய். வெளியே இருந்து ஒரு தூண்டல் வந்தால் உள்ளே இருக்கும் நீர் முழுவதும் ஏறி இறங்கி ஆடத் தொடங்குகிறது. கடலியலாளர் இதை நீரூசல் என்பர். ஒரு ஆட்டத்துக்குப் பல நிமிடங்கள் ஆகும் என்பதால் காது அறியாது. நீர்மட்டக் கருவி அறியும். விஜேரத்ன, வுட்வொர்த், பியூ ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, இலங்கைக் கரைகளின் இத்தகைய ஊசல்களைப் பதிவு செய்தது. திருகோணமலையில் அவை இரு வாரத்துக்கு ஒருமுறை வலுப்பதையும், அந்தமான் பக்கமிருந்து கடலுக்கடியே பயணம் செய்து வரும் உள்ளலைகளோடு அவற்றுக்குத் தொடர்பு இருப்பதையும் அது காட்டியது. வங்காள விரிகுடாவைக் கடந்து வரும் அலை கம்பியாகவும் துறைமுகம் பெட்டியாகவும் அமைய, கிற்றார் பெட்டியின் வாயில் காற்று செய்வதை இங்கே கடல் செய்கிறது. அளவு மாறினாலும் விதி மாறவில்லை.

பெட்டி எந்தச் சுரத்தைப் பாடுகிறது என்பதோடு விஷயம் முடிவதில்லை. எந்தத் திசையில் பாடுகிறது என்பதும் உண்டு. 12 அங்குலக் கூம்பின் அகலம் 30 செ.மீ. அலைநீளம் அதைவிட நீண்டிருக்கும்வரை ஒலி எல்லாப் பக்கமும் பரவும். ஏறத்தாழ 1,150 ஹேர்ட்ஸில் அலையும் கூம்பும் சம அளவாகின்றன. அதற்கு மேலே போகப்போக ஒலி டோர்ச் வெளிச்சம் மாதிரிக் குறுகி நேரே பாயும். அதனால் கூம்புக்கு நேரெதிரே அமர்ந்தவருக்குக் காதைக் கீறுகிற ஒலி, பக்கத்தில் நிற்பவருக்கு மங்கல். வாசிப்பவரின் காதோ பெட்டிக்கு மேலே, திசைக்கு வெளியே இருக்கிறது. தனக்கு மங்கலாகக் கேட்கிறதென்று அவர் கூர்மையைக் கூட்டுவார். முதல் வரிசை வதைபடும். மார்ஷல் அடுக்கில் மேல்பெட்டியின் முகம் சாய்ந்திருப்பது அந்த ஒலியை வாசிப்பவரின் காதை நோக்கித் திருப்பும் வேலை.

இடமும் பெட்டியோடு சேர்ந்தே வாசிக்கிறது. நகரத்துக் கலியாண மண்டபத்தில் திறந்த பெட்டியின் பின்னலை சுவரில் பட்டுத் திரும்பி வந்து ஒலியைப் பருமனாக்கும். அதே பெட்டியை உப்புவெளிக் கடற்கரை மணலிலோ கோயில் வெளிவீதி மேடையிலோ வைத்தால் பின்னலை போனது போனதுதான்; திருப்பியனுப்ப எதுவுமில்லை. மண்டபத்தில் நிறைவாக ஒலித்த வாத்தியம் வெளியில் ஒல்லியாகிவிட்டால் அதை வாசித்தவரின் குற்றமாகச் சொல்லக்கூடாது. திறந்த வெளிக்கு மூடிய பெட்டி, அல்லது மைக் வைத்துப் பொது ஒலிபெருக்கிக்குக் கொடுப்பது என்பதே பௌதிகம் தரும் விடை.

இனி, இரண்டு பெட்டிகளை ஒப்பிடுவது எப்படி? இங்கே காதுதான் மிகப் பெரிய ஏமாற்றுக்காரன். பெல் ஆய்வுக்கூடத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் காட்டியபடி, சத்தம் கூடும்போது தாழ்ந்த சுரங்கள் காதுக்கு விகிதத்துக்கு மிஞ்சிப் பெருகித் தெரியும். ஆகவே சற்று உரத்த பெட்டி பெரும்பாலும் 'நல்ல' பெட்டியாகவே தோன்றும். இங்கிலாந்தின் செலெஸ்சன் நிறுவனத்தின் இரண்டு ஸ்பீக்கர்களைப் பாருங்கள்: கிரீன்பேக்கின் உணர்திறன் 98 டெசிபெல், விண்டேஜ் 30இன் உணர்திறன் 100. இரண்டு டெசிபெல்தான் வித்தியாசம். ஆனாலும் அம்ப்ளிபயரின் வலுவை ஒன்றரை மடங்குக்கு மேல் கூட்டியதற்கு அது சமம். ஒலியளவைச் சமப்படுத்தாமல் இவற்றை ஒப்பிட்டால் நீங்கள் ஒப்பிடுவது சத்தத்தை, தொனியை அல்ல.

நேர்மையான ஒப்பீட்டுக்கு வழி எளிது. ஒரு வாசிப்பை ஒருமுறை பதிந்து, அதையே இரண்டு பெட்டிக்கும் அனுப்புங்கள். கை ஒருபோதும் இருமுறை ஒரேமாதிரி வாசிப்பதில்லை. பெட்டிகளை ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் வையுங்கள். கைபேசியின் ஒலிமானியாவது வைத்து அளவைச் சமப்படுத்துங்கள். மைக்கை அசைக்காதீர்கள், கூம்பின் நடுவிலிருந்து விளிம்புக்கு அது சில செ.மீ. நகர்ந்தாலே கூர்மை மங்கலாகிவிடும். எந்தப் பெட்டி ஒலிக்கிறது என்பது கேட்பவருக்குத் தெரியக்கூடாது. இப்படிக் கேட்டால் ஸ்பீக்கரின் ரகமும், பெட்டியின் முதுகு திறந்ததா மூடியதா என்பதும் முன்னே வந்து நிற்கும். பலகை என்ன மரம் என்ற நெடுநாள் வாதம் பின்னே போய்விடும்.

இன்று பெட்டியையே எண்களாக்கிவிட முடிகிறது. தாழ்ந்த சுரத்திலிருந்து உச்சம்வரை வழுக்கிச் செல்லும் ஓர் ஒலியைப் பெட்டியில் விட்டு, மைக்கில் பதிந்து, கணக்கிட்டால், ஒற்றைச் சொடுக்குக்கு அந்தப் பெட்டி என்ன பதில் சொல்லும் என்பது கிடைக்கிறது. இத்தாலியரான ஆஞ்செலோ ஃபரீனா 2000இல் இந்த முறையைச் செம்மைப்படுத்தினார். வினாடியில் ஒரு சிறு பங்கே நீளும் அந்தப் பதிலுக்குள் கூம்பு, காற்றுவில், பலகை, மைக் நின்ற இடம் எல்லாம் அடங்கியிருக்கும். இருவர் சேர்ந்து தூக்கும் பெட்டியின் குரல் கைபேசிக்குள் வந்துவிட்டது. வீட்டில் பயில்கிற பிள்ளைக்கு இது பெரிய வரம். ஆனால் அது ஒரு புள்ளியில் நின்ற ஒரு மைக் கேட்டது மட்டுமே. மண்டபம் முழுதும் பரவுகிற பெட்டியின் திசைக்குணம் அதில் இல்லை.

நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பரப்பிய தமிழ்ப் பொப்பிசையையும், 6/8 தாளத்துப் பைலாவையும் இன்றும் ஊர் மேடைகளில் வாசிக்கிற இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிய கிற்றாருக்குக் காசு சேர்க்குமுன் உங்கள் பெட்டியின் பின்பக்கம் போய்ப் பாருங்கள்: திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா, எந்த ஸ்பீக்கர் பூட்டியிருக்கிறது? பிறகு ஒரு நண்பரை வாசிக்கச் சொல்லிவிட்டு, சபையில் கடைசி வரிசையில் போய் நின்று கேளுங்கள். உங்கள் வாத்தியத்தின் பாதி அந்தப் பெட்டிதான். அதையும் வாத்தியமாகவே மதித்துத் தேர்ந்தெடுங்கள்.