ஒரு படத்துக்குப் பின்னால் எத்தனை பேர்!

தென்னையை ஒரே தாளில் வரைந்து காட்டுவது எளிதல்ல. முழு மரத்தையும் வரைந்தால் பாளையின் நுணுக்கம் தெரியாது. பாளையைப் பெரிதாக்கினால் மரத்துக்கு இடமிருக்காது. ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலின் முதல் தொகுதியில் தென்னைக்கென்றே நான்கு செப்புத்தகட்டுப் படங்கள் உள்ளன. அடுத்து வரும் பாக்கு மரத்துக்கும் நான்கு.

1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சான இந்நூலில் 742 தாவரங்கள் இடம்பெற்றுள்ளன. அச்சானது அங்கே என்றாலும் தகவல் திரண்டது கொச்சியில்.

1663-ல் போர்த்துகீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள், மட்டாஞ்சேரி அரண்மனையைப் புதுப்பித்தார்கள். அதனால்தான் இன்றும் அதை ‘டச்சு அரண்மனை’ என்கிறார்கள். 1670களில் மலபாரின் டச்சு அதிகாரியாக இருந்தவர் ஹென்ட்ரிக் வான் ரீட். படையில் வளர்ந்தவர், தாவரவியல் படித்தவரல்ல. தனக்குத் தெரியாததைத் தெரிந்தவர்களை அவர் ஒன்றுசேர்த்தார்.

சேர்த்தலை பக்கத்துக் கடக்கரப்பள்ளியிலிருந்து ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் வந்தார். பரம்பரை ஓலைச்சுவடிகளில் இருந்த மருந்தறிவு அவருடையது. ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் ஆகிய மூன்று கொங்கணி வைத்தியர்களும் சேர்ந்தார்கள். அவர்களுடைய சமூகம் இன்றும் மட்டாஞ்சேரியில் திருமலை தேவஸ்வம் கோயிலைச் சுற்றி வாழ்கிறது. கார்மெல் சபைத் துறவி மத்தேயுஸ் முதலில் படம் வரைந்தார். பாதிரியார் காசேரியுஸ் லத்தீனில் எழுதினார்.

வேலை நடந்த விதம் கவனிக்கத்தக்கது. காடும் தோட்டமும் அறிந்த ஆட்கள் இலை, பூ, காய்களோடு செடிகளைக் கொண்டுவருவார்கள். வைத்தியர்கள் பெயரையும் குணத்தையும் சொல்வார்கள். அவர்கள் சொன்னது மலையாளத்திலிருந்து போர்த்துகீசியத்துக்கும், பிறகு லத்தீனுக்கும் போகும். மத்தேயுஸின் கோட்டோவியங்கள் தாவரவியலுக்குப் போதாது என்று தெரிந்ததும், தேர்ந்த ஓவியர்களைக் கொண்டு செடியை எதிரில் வைத்துப் புதிதாக வரையச் செய்தார்கள். செப்புத்தகட்டில் செதுக்கியவர்களோ பல மாதக் கடல் பயணத்துக்கு அப்பால் இருந்தார்கள். அவர்களுக்குச் செடி என்பது அந்தத் தாள் மட்டும்தான். ஓவியர் ஒரு காம்பைத் தவறவிட்டால் செதுக்குபவரால் அதைச் சேர்க்க முடியாது. வைத்தியர் பெயரை மாற்றிச் சொன்னால் ஓவியரால் அதைத் திருத்த முடியாது. ஒவ்வொருவரும் அடுத்தவரின் அறிவை நம்பித்தான் வேலை செய்ய முடிந்தது.

படங்களிலேயே மலையாளப் பெயர்களை ரோமன், மலையாளம், அரபி எழுத்துகளில் பொறித்தார்கள். ஐரோப்பிய மாணவரும் மலபார் வைத்தியரும் ஒரே படத்தில் தங்களுக்குத் தெரிந்த எழுத்தைப் படிக்கலாம்.

தகவலைப் படமாக்கும் வேலையில் இப்படிப்பட்ட கூட்டு பிறகும் பலன் தந்திருக்கிறது. கிரிமியப் போரில் வீரர்களைக் காயங்களைவிட நோயே அதிகம் கொன்றது என்பதை 1858-ல் வட்ட வரைபடத்தில் காட்டினார் செவிலியர் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். அவருக்குத் துணை நின்றவர் புள்ளியியலாளர் வில்லியம் ஃபார். மருத்துவமனையைக் கண்ட கண்ணும் எண்களைச் சோதித்த அறிவும் சேர்ந்ததால்தான் அந்தப் படத்தை ஒதுக்கித் தள்ள முடியவில்லை.

கொச்சிக் குழு இன்னொன்றையும் செய்தது. மொழிபெயர்ப்பாளர் இம்மானுவேல் கர்நேரோ, இட்டி அச்சுதன், மூன்று கொங்கணி வைத்தியர்கள் ஆகியோர் 1675 ஏப்ரலில் தந்த சான்றுரைகள் முதல் தொகுதியிலேயே அச்சாயின. யார் சொன்ன தகவல் என்று வாசகர் அறிய வேண்டும் என்பதில் அவர்கள் கருத்தாக இருந்தார்கள். ஆனால் மரம் ஏறியவர்களின், காட்டில் அலைந்தவர்களின் பெயர்கள் பதிவாகவில்லை. இந்தக் குறை இன்றைய விளக்கப்படங்களிலும் தொடர்கிறது: வடிவமைத்தவர் பெயர் இருக்கும், வீடு வீடாகப் போய்த் தகவல் திரட்டியவர் பெயர் இருக்காது. அதைச் சரிசெய்ய ஒரு வரி கூடுதலாக அச்சிட்டாலே போதும்.

அந்தக் கூட்டுழைப்பு எவ்வளவு உறுதியானது என்பதைக் கேரளத் தாவரவியலாளர் கே. எஸ். மணிலால் சோதித்துப் பார்த்தார். பல பத்தாண்டுகள் நூலோடு உழைத்த அவர், படங்களில் உள்ள செடிகளைத் தேடி ஏறக்குறைய எல்லாவற்றையும் மீண்டும் சேகரித்தார். அவருடைய ஆங்கிலப் பதிப்பு 2003-லும் மலையாளப் பதிப்பு 2008-லும் கேரளப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தன. இட்டி அச்சுதன் தன் மொழியில் சொன்ன மருந்தறிவு, அதே மொழியில் நூலாகத் திரும்பிவர முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.